ஓடுதளத்தில் ஆயில் துளிகள்

முதல் துளியை மிருதுளா பார்த்தபோது விமானம் கிளம்பிப் போய் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்ததே வேறு காரியமாகத்தான். டயருக்குக் காற்றடிக்கும் பம்பை யாரோ வெயிலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுக்கக் குனிந்தவளுக்குச் சிமெண்ட் தரையில் ஒரு பொட்டு தெரிந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். என்ஜின் ஆயில்தான். கருப்பாக இல்லை, தேன் நிறத்தில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஊற்றிய புது ஆயில்.

நிற்கிற விமானத்துக்கு அடியில் ஒரு சொட்டு விழுவது பெரிய விஷயமில்லை. பழைய என்ஜின் என்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் நாலடி தள்ளி இன்னொரு சொட்டு இருந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று. ஓடுதளத்துக்குப் போகும் பாதையில் அவை ஒரே கோடாகப் போயின. மிருதுளா பம்பை அங்கேயே விட்டுவிட்டு அந்தக் கோட்டின் பின்னால் நடந்தாள். பிறகு ஓடினாள். பாதை முடிகிற இடத்தில், கிளம்புவதற்கு முன்னால் விமானத்தை நிறுத்தி, என்ஜினை முடுக்கிச் சோதிப்பார்கள். அங்கே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்கி வெயிலில் பளபளத்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் மனைக்கற்களும் மறுபக்கம் கருவேலமுமாகக் கிடந்த நிலத்தில் இருந்தது அந்த விமானப் பயிற்சிப் பள்ளி. அவர்களிடம் இருந்ததே இரண்டு சின்ன விமானங்கள். ஒன்று இறக்கை கழற்றப்பட்டு ஷெட்டுக்குள் கிடந்தது. மற்றதில்தான் உதவித்தொகையில் படிக்கிற மாணவி ரேஷ்மா தனியாகப் போயிருந்தாள். பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் கடற்கரையோடு தெற்கே புதுச்சேரி வரை போய்த் திரும்பும் அவளுடைய முதல் நீண்ட பயணம். அந்த விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் மிருதுளா. பள்ளியின் ஒரே என்ஜினியர் அவள்தான்.

வயர்லெஸ் அறைக்குள் அவள் மூச்சிரைக்க நுழைந்தபோது தலைமைப் பயிற்சியாளர் அச்சுதன் டீ டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சார், ரேஷ்மாவைத் திருப்புங்க. ஆயில் லீக் ஆகுது."

"எப்படித் தெரியும்?"

"ஓடுதளத்துக்குப் போற பாதை பூரா சொட்டியிருக்கு. ஓடுதள முனையில தேங்கி நிக்குது."

அவர் டம்ளரை வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். வழக்கமாக வயர்லெஸ்ஸில் இங்கிலீஷ்தான். இன்றைக்கு அவர் தமிழில் பேசினார்.

"ரேஷ்மா, இப்ப எங்கம்மா இருக்கே?"

"மகாபலிபுரத்துக்கு வடக்கால இருக்கேன் சார். கடலோரம்." குரல் உற்சாகமாக இருந்தது.

"ஆயில் ப்ரெஷர் எவ்ளோ காட்டுது?"

"முள் பச்சையிலதான் சார் இருக்கு. டெம்பரேச்சரும் பச்சைதான்."

"நல்லது. ஒரு சின்ன சந்தேகம், நீ திரும்பி வந்துடு. என்ஜினை ரொம்ப முடுக்காதே. உயரத்தை விட்டுடாதே. அந்த ரெண்டு முள்ளையும் பாத்துக்கிட்டே வா."

"என்ன சார் ஆச்சு?"

"வா, சொல்றேன்."

அவர் மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கேர்ந்து லீக் ஆகுது? எவ்ளோ நேரம் தாங்கும்? அது எனக்குத் தெரியணும்."

அதுதான் கேள்வி. என்ஜின் கண்ணெதிரே இருந்தால் மூடியைத் திறந்து, துடைத்து, டார்ச் அடித்து, எங்கே ஈரம் என்று பார்க்கலாம். இப்போது என்ஜின் வானத்தில் இருக்கிறது. அவளிடம் இருப்பது தரையில் கிடக்கும் கறை மட்டும்.

அவள் ஷெட்டுக்கு ஓடி ஆயில் டின்னையும் அளவுக் குவளையையும் எடுத்துக்கொண்டு ஓடுதள முனைக்கு வந்தாள். தேங்கிய ஆயிலுக்குப் பக்கத்திலேயே, அதே சிமெண்டில், குவளையால் கொஞ்சம் ஊற்றினாள். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இரண்டு வட்டமும் ஒரே அகலம் ஆனதும் குவளையைப் பார்த்தாள். அரை டம்ளர் காபி அளவுதான் இறங்கியிருந்தது. என்ஜினை முடுக்கிச் சோதிக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் இவ்வளவு என்றால், இதே வேகத்தில் ஒழுகினால், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே தாங்கும். ரேஷ்மா திரும்பி வர அதில் பாதி கூட வேண்டாம்.

இதே வேகத்தில் ஒழுகினால். அந்த வார்த்தை அவளை நிம்மதியாக விடவில்லை. சில ஓட்டைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். சில ஓட்டைகள் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு ஒரேயடியாகப் பிய்த்துக்கொள்ளும்.

நேற்று மாற்றியது இரண்டே இரண்டு. ஆயில், ஆயில் ஃபில்டர். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்துவிடும். தரையில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சூடேறி அழுத்தம் கூடும்போது ஒரு நொடியில் பிதுங்கி, மொத்த ஆயிலும் வெளியே கொட்டும்.

ஃபில்டரை மாட்டியவன் தயாளன். மெக்கானிக். இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் பல்லாவரத்தில் லாரி என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் இறக்கை கழற்றிய விமானத்தின் அடியில் படுத்திருந்தான்.

"தயாளன், நேத்து பழைய ஃபில்டர்ல ரப்பர் இருந்துதா?"

அவன் வெளியே ஊர்ந்து வந்தான். "இன்னா மேடம்?"

"ரப்பர் வளையம். பழசு. அது ஃபில்டரோட வந்துதா, என்ஜின்ல ஒட்டிக்கிச்சா?"

"ஃபில்டரோடதான் மேடம் வந்துச்சு."

"பாத்தியா? கண்ணால பாத்தியா?"

அவன் முகம் மாறியது. "பாக்காம மாட்டுவேனா? இன்னா மேடம், என்மேல சந்தேகமா?"

"ரேஷ்மா வானத்துல இருக்கா தயாளன். ஆயில் கொட்டிக்கிட்டிருக்கு."

நேற்றே அந்தப் பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்து, உள்ளே இரும்புத் தூள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குப்பை டிரம்மில் போட்டிருந்தார்கள். இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். தயாளன் டிரம்மை அப்படியே கவிழ்த்தான். எண்ணெய்த் துணிகள், காலி டின்கள், அறுந்த கம்பிகள், யாரோ சாப்பிட்டுப் போட்ட பிரியாணிப் பொட்டலம். அவன் மண்டிபோட்டு இரண்டு கையாலும் வாரி இறைத்தான். மிருதுளாவும் உட்கார்ந்து தேடினாள். ஃபில்டரின் உடம்பு கிடைத்தது. உள்ளிருந்த மடிப்புக் காகிதம் கிடைத்தது. ரப்பர் இருக்க வேண்டிய மேல்தட்டு மட்டும் கிடைக்கவில்லை.

"கடவுளே," என்றாள் அவள்.

"கீது மேடம். இங்கதான் எங்கனா கீது." அவன் ஒரு துணி மூட்டையை உதறினான். தட்டு 'டங்' என்று விழுந்தது. அதன் விளிம்பில் கருப்பு ரப்பர் வளையம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தயாளன் அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்துக்கோங்க."

மிருதுளாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் தோளைத் தட்டிவிட்டு வயர்லெஸ் அறைக்கு ஓடினாள்.

"ஃபில்டர் இல்ல சார். ஃபில்டர் நல்லா இருக்கு."

அச்சுதன் மூச்சு விட்டார். "அப்ப வேறென்ன?"

"ஏதாவது ஜாயின்ட்ல கசிவா இருக்கலாம். இதே அளவு சொட்டிச்சுன்னா வந்துடலாம்."

"அப்ப வரட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான்." அவர் சுவரிலிருந்த வரைபடத்தில் விரல் வைத்தார். ரேஷ்மா கடற்கரையை விட்டு உள்ளே திரும்பித் திருப்போரூரை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேற்கே சிறு குன்றுகளும் காய்ந்த ஏரிகளும். அந்த வெளியைத் தாண்டிவிட்டால் அவளுக்குக் கீழே வீடுகள்தான். அடுக்குமாடிகள், பள்ளிக்கூடங்கள், மொட்டை மாடிகள், மின்கம்பிகள். அதற்கப்புறம் இறங்குவதற்குப் பள்ளியின் ஓடுதளத்தைத் தவிர வேறு இடமே இல்லை.

மிருதுளா மைக்குக்குக் கை நீட்டினாள். "ஒரு கேள்வி கேட்டுக்கறேன் சார்."

அவர் கொடுத்தார்.

"ரேஷ்மா, மிருதுளா பேசறேன். உள்ள ஏதாவது வாசனை வருதா?"

"வருது மேம்." உடனே பதில் வந்தது. அவள் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தவள் போல. "கிளம்பினதுலேர்ந்தே லேசா வந்துச்சு. இப்ப ஜாஸ்தியா இருக்கு."

"என்ன மாதிரி?"

"எண்ணெய் கருகின மாதிரி. அதோட... போகி அன்னிக்கு டயர் கொளுத்துவாங்கல்ல மேம், அந்த மாதிரி."

எண்ணெய் கருகுகிறது என்றால் அது சூடான புகைக்குழாய் மேல் விழுகிறது. டயர் வாசனை என்றால் ரப்பர் கருகுகிறது. அந்தப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ரப்பர் என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஆயிலைக் குளிரவைக்கும் பெட்டிக்குக் கொண்டுபோகிற ஹோஸ் குழாய். ஆனால் அது புகைக்குழாயைத் தொடாதபடி ஒரு கிளாம்ப் போட்டு மேலே இழுத்துக் கட்டியிருக்கும். அது எப்படிக் கீழே...

மிருதுளா குறித்துக்கொள்ளப் பேனாவுக்காக ஓவரால் பாக்கெட்டில் கை விட்டாள். பேனாவுக்கு அடியில் விரலில் என்னவோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

ஒரு சின்ன போல்ட். அதன் நட்.

நேற்றுச் சாயங்காலம் தயாளன் ஃபில்டர் மாட்டி முடித்து, அது கழன்றுவிடாமல் இருக்கக் கம்பி முறுக்கியிருந்தான். முறுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. அந்த ஹோஸ் குறுக்கே மறைத்தது. கிளாம்பின் போல்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஹோஸை ஒதுக்கிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாள். கம்பி பிரமாதமாக முறுக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் போன் வந்தது. மகளின் ஸ்கூல் வேன் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பிரேக்டவுன், குழந்தைகளை யாராவது வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று டிரைவர் சொன்னான். அவள் வெளியே போய் நின்று கணவனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மாறி மாறிப் பேசினாள். திரும்பி வந்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. தயாளன் மூடியைப் பூட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இன்று காலையில் அச்சுதன் ரேஷ்மாவோடு நாலு சுற்று சுற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். அப்போதே ஹோஸ் வேக ஆரம்பித்திருக்கும்.

"என்ன மிருதுளா? என்ன அது?" என்றார் அச்சுதன்.

சொல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. 'ஹோஸா இருக்கலாம்' என்று மட்டும் சொல்லலாம். ஆனால் இருக்கலாம் என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். அவளே அவர் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டாள். அவள் போல்டை மேஜை மேல் வைத்தாள்.

"ஹோஸ் கிளாம்போட போல்ட் சார். நேத்து நான் கழட்டினது. திருப்பிப் போடல. ஹோஸ் புகைக்குழாய் மேல கிடக்கு. வெந்துக்கிட்டிருக்கு."

அச்சுதன் போல்டையே பார்த்தார்.

"இது சொட்டுற லீக் இல்ல சார். எப்ப வேணா பிய்ச்சுக்கும். பிய்ச்சுக்கிட்டா மொத்த ஆயிலும் சூட்டுக் குழாய் மேல கொட்டும். தீப்பிடிக்கும். வீடுங்க வர்றதுக்கு முன்னாடி அவ இறங்கணும்."

"எங்க இறங்குறது? ஏரியிலயா?" அவர் குரல் உயர்ந்தது. "மண் அள்ளி அள்ளி ஏரி பூரா பள்ளம். மாடு நிக்கும், பசங்க விளையாடுவாங்க. ஓடுதளத்தைத் தவிர வேற எங்கயும் அவ இறங்கினதே இல்ல மிருதுளா! குழியில சக்கரம் இறங்கினா கவிழ்ந்துடும். ப்ரெஷர் இன்னும் பச்சையில இருக்கு. பத்து நிமிஷம்கூட ஆகாது, வந்துடுவா."

"அந்தப் பத்து நிமிஷமும் வீடுங்க மேல சார்."

"சார்?" ஸ்பீக்கரில் ரேஷ்மாவின் குரல். "சார், டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சுதன் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மைக்கை மிருதுளாவின் பக்கம் தள்ளினார். "நீங்களே சொல்லுங்க. போல்ட் உட்பட."

"ரேஷ்மா, கவனமா கேளு." தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஆயில் ஹோஸ் ஒண்ணு புகைக்குழாய்ல பட்டு எரியுது. எப்ப வேணாலும் அறுந்துடலாம். நீ கீழ இறங்கறது நல்லதுன்னு நான் நினைக்கறேன். சார் நீ இங்க வந்துடலாம்னு நினைக்கறாரு."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா மேம்?"

"ஹோஸ்தான்னு நிச்சயமாத் தெரியும். அதைத் தூக்கிப் பிடிக்கிற போல்ட் என் கையில இருக்கு. நேத்து நான்தான் போட மறந்துட்டேன். எவ்ளோ நேரம் தாங்கும்னு மட்டும் எனக்குத் தெரியாது."

ஸ்பீக்கர் வெறுமனே இரைந்தது. தயாளன் கதவோரம் வந்து நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"வலது பக்கம் ஒரு ஏரி தெரியுது சார்," என்றாள் ரேஷ்மா. "தண்ணி இல்ல. நடுவுல குழிங்க இருக்கு. கரையோரம் நீளமா சமமா இருக்கிற மாதிரி தெரியுது." ஒரு மூச்சு. "நான் இறங்குறேன் சார்."

அச்சுதன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். வகுப்பில் பேசுகிற அதே குரல். "சரிம்மா. நல்லா பண்ணுவே. காத்து கிழக்கேர்ந்து அடிக்குது, அதை எதிர்த்து இறங்கு. ஒரு தடவை சுத்திப் பாத்துக்கோ, ரெண்டு தடவை வேணாம். இறங்கிடுவோம்னு உறுதியானதும் பெட்ரோலை மூடு, ஸ்விட்சை அணை. தரை தொடறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து வெச்சுக்கோ. மெதுவா, மூக்கைத் தூக்கியே பிடி. நின்ன உடனே இறங்கி ஓடு. எதையும் எடுக்காதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சா..."

பாதியில் அறுந்தது. உயரம் குறைந்ததும் இப்படித்தான் ஆகும் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் அச்சுதன் அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மிருதுளா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து நிற்கும் பீப் சத்தம். அது ஓயவே ஓயாது போலிருந்தது.

அச்சுதனின் செல்போன் அடித்தது. திரையில் ரேஷ்மாவின் பெயர். அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலில் காற்றின் சத்தமும் யார் யாரோ கத்துவதும் கேட்டது.

"சார்... இறங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. சார், முன் சக்கரம் உடைஞ்சுபோச்சு. ப்ரொபெல்லர் வளைஞ்சுடுச்சு. ஸாரி சார்."

அச்சுதன் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தயாளன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ரேஷ்மா சொன்ன இடத்துக்கு மூவரும் ஜீப்பில் கிளம்பினார்கள். மாம்பாக்கம் தாண்டும்போது அச்சுதன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்க கூட்டம் இருக்கும். போல்ட் விஷயத்தை இப்பவே யார்கிட்டயும் பேச வேணாம். விசாரணைக்கு வருவாங்க, அப்ப பாத்துக்கலாம்."

"ரேஷ்மாவுக்குத் தெரியுமே சார்."

அவர் கியரை மாற்றினார்.

ஏரிக்கரையில் பைக்குகள் நின்றிருந்தன. கரையை ஒட்டிய காய்ந்த சேற்றில் விமானம் மூக்கைத் தரையில் ஊன்றி, வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் மண்ணில் சக்கரத் தடம் நீளமாக ஓடியது. தடத்துக்கு இடது பக்கம், ஒரு லாரி நீளம்கூடத் தள்ளி இல்லை, ஆள் மட்டத்துக்கும் ஆழமான குழி. கரையில் வேப்பமர நிழலில் ரேஷ்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ரேஷ்மாவின் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அச்சுதன் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தார்.

மிருதுளா நேரே விமானத்திடம் போனாள். தயாளனும் அவளுமாக என்ஜின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே பாதி என்ஜின் ஆயிலில் குளித்திருந்தது. கிளாம்ப் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. ஹோஸ் புகைக்குழாய் மேல் படுத்திருந்தது. மேலுறை கரியாகி, உள் ரப்பர் உருகி ஒட்டியிருந்தது.

அவள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாள். இன்னும் பாதிக்கு மேல் ஆயில் மிச்சம் இருந்தது.

பின்னாலிருந்து அச்சுதன் அதைப் பார்த்தார். "இவ்ளோ இருக்கே," என்றார் மெதுவாக. "வந்திருக்கலாம்."

தயாளன் ஹோஸை ஒரு கையால் பிடித்துக் குழாயிலிருந்து பிரிக்கப் பார்த்தான். அவன் இழுக்கக்கூட இல்லை. கருகின இடத்தில் அது இரண்டாகக் கழன்று கையோடு வந்தது. ஆயில் அவன் சட்டையில் வழிந்தது.

"வந்திருக்கலாம் சார்," என்றாள் மிருதுளா. "வராமலும் போயிருக்கலாம்."

தயாளன் அறுந்த துண்டைப் பார்த்தபடி நின்றான். "மூடியப் போட்டது நானு மேடம். கிளாம்பு தொங்கினு இருந்துச்சுன்னா என் கண்ல பட்டிருக்கணும். நானும் பாக்கல."

"உன்னைத்தான் நான் சரிபாக்க வந்தேன். என்னைச் சரிபாக்கறது உன் வேலை இல்ல."

"இருந்தாலும்," என்றான் அவன்.

அப்போது கரையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரேஷ்மாவின் அம்மா கனகவல்லி இறங்கினாள். மேடவாக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆயா வேலை. மகள் போன் பண்ணியதும் பச்சை யூனிஃபார்ம் புடவையோடு அப்படியே கிளம்பி வந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலை, கை, முதுகு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். போனில் ஒரு என்ஜினியரம்மா இறங்கு இறங்கு என்று சொல்லித்தான் பொண்ணு பிழைத்தாள் என்று யாரோ சொன்னார்கள். கனகவல்லி எழுந்து கீழே ஏரிக்குள் இறங்கி வந்தாள்.

"நீங்கதானாம்மா அது?" மிருதுளாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கையென்றும் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

அச்சுதன் மிருதுளாவைப் பார்த்தார். லேசாகத் தலையாட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். கரையிலிருந்து ரேஷ்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்தச் சைகையும் செய்யவில்லை.

வயர்லெஸ் அறையில் சொன்னது வேறு. அங்கே சொல்லியே ஆக வேண்டியிருந்தது. இங்கே அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த அம்மாள் இப்படியே கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், வாழ்த்துவாள், வீட்டுக்குப் போய்ப் பூஜையில் விளக்கேற்றுவாள். அதை வாங்கிக்கொள்ள மிருதுளாவால் முடியவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இறங்கச் சொன்னது நான்தான். ஆனா அது கெட்டுப்போனதுக்கும் காரணம் நான்தான். நேத்து ஒரு போல்டை மாட்ட மறந்துட்டேன். அதனாலதான் ரேஷ்மாவுக்கு இப்படி ஆச்சு."

கனகவல்லிக்கு முதலில் புரியவில்லை. மிருதுளாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்தபோது அவள் கை தளர்ந்தது. மெல்ல விலகியது. திட்டுவாள் என்று மிருதுளா எதிர்பார்த்தாள். அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். கனகவல்லி தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஆயிலைப் பார்த்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மறந்துட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். திரும்பிக் கரையேறி, மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி ஆட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறவரை மிருதுளா அங்கேயே நின்றாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். மிருதுளா நடந்ததை நடந்தபடியே சொன்னாள். தயாளன் தன் பங்கையும் சொன்னான், வேண்டாம் என்று அவள் தடுத்தும். ஆயிலை அளந்து பார்த்து, இவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஏன் ஏரியில் இறக்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். அறுந்த ஹோஸை அவர் முன்னால் வைத்ததும் இன்னொருவர் அந்தக் கேள்வியை அதோடு நிறுத்தச் சொன்னார். ஆறு மாதம் அவள் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. விமானம் லாரியில் ஏறி, என்ஜின் பிரிக்கப் போனது. பள்ளி ஒரு மாதத்துக்கு மூடிக் கிடந்தது. மாணவர்கள் சிலர் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் போன் பண்ணிக் கேட்டதையெல்லாம் அச்சுதன் தானே வாங்கிக்கொண்டார், மிருதுளாவிடம் சொல்லவில்லை.

ரேஷ்மா மட்டும் எங்கேயும் போகவில்லை. பள்ளி திறந்த அன்று காலையிலேயே வந்துவிட்டாள். அம்மா விட்டாளா என்று தயாளன் கேட்டதற்கு, ஒரு மாதம் பேசவே இல்லை, இன்று காலையில் பஸ்ஸுக்கு நேரமாச்சு கிளம்பு என்று சொன்னாள் என்று சிரித்தாள். இறக்கை மாட்டித் தயாராகியிருந்த மற்ற விமானத்துக்குக் கையெழுத்துப் போட வெளியிலிருந்து ஒரு என்ஜினியரை அழைத்திருந்தார்கள். மிருதுளா ஒதுங்கி நின்று அவருக்கு ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரேஷ்மா அவளிடம் வந்தாள்.

"மேம், அன்னிக்கு நீங்க அந்த போல்டைப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா நான் சார் சொன்னதைத்தான் கேட்டிருப்பேன்," என்றாள். "எனக்கு உங்க மேல கோவம் இன்னும் போகல மேம். அதையும் சொல்லிடறேன்."

"போக வேணாம்," என்றாள் மிருதுளா. "இருக்கட்டும்."

ரேஷ்மா தலையை ஆட்டிவிட்டு விமானத்தைப் பார்த்து நடந்தாள். அச்சுதன் விமானி உட்காரும் இடது பக்க இருக்கையை அவளுக்கு விட்டுவிட்டு வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் ஒரு முறை திணறி, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது.